என்ஜினுக்கு அடியில் அத்தான்

லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர் அத்தானே. பட்டறையில் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு டிரைவர்களும் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். ஒரு காலத்தில் வண்டிக்கொரு டிரைவர் வைத்து அதட்டியவர் அவர். இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு லாரி, அதற்கும் டிரைவர் யாரும் நிலைப்பதில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து அவர் மனைவி, மெக்கானிக்கின் அக்கா, இறங்கினாள்.

“என்ன அரைவேக்காடு, தொழிலெல்லாம் எப்படிப் போகுது?” என்றார் அத்தான்.

டிரைவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்கை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இடது கன்னத்திலிருந்து முழங்கை வரை அவனுக்குத் தோல் சுருங்கி இழுத்திருந்தது. அந்தப் பெயரை வைத்தது அத்தான்தான் என்பதோ, வெந்ததற்குக் காரணமும் அவர்தான் என்பதோ சிரித்தவர்களுக்குத் தெரியாது.

வெந்த அன்று அவன் அத்தானின் லாரி ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரியே நிறுத்திய வண்டி, தைரியமாகத் திற என்று அவர் சொன்னதை நம்பி என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கூலண்டை வடிப்பதற்காக இருக்கும் ப்ளக்கைக் கழற்றினான். வண்டி அப்போதுதான் ஓடி வந்து நின்றிருந்தது. அவசரமாக லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் அதை அத்தான் மறைத்துவிட்டார். என்ஜினைக் குளிர்விக்கும் அந்தத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அவன் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்புவதற்குள், குடித்துவிட்டு ப்ளக்கில் கை வைத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அவன் அதற்காகக் குறை சொன்னதும் இல்லை. அந்த வீட்டில் யார் பேச முடியும்?

“மேடு ஏறினா சூடு ஏறுது மாப்ள. கூலண்ட் செங்கல் கரைச்ச மாதிரி இருக்கு. நல்லா அலசி விட்டுடு. பொழுது சாயறதுக்குள்ள லோடு போய்ச் சேரணும்.”

“ஆறட்டும். அதுக்கு முன்னாடி நான் தொட மாட்டேன்.”

மேசையிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்துக் காட்டினான். ஒன்று வெறும் இரும்பு ப்ளக். மற்றது பித்தளை வால்வு. அதன் மூக்கில் ஹோஸைச் செருகி, ஒதுங்கி நின்று பிடியைத் திருப்பினால் போதும், தண்ணீர் எட்டப் போய் விழும். ப்ளக் அப்படியில்லை. அடியில் படுத்து, முகத்துக்கு நேராகக் கழற்ற வேண்டும், கடைசி மரை விடும்போது கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தனக்கு நேர்ந்தது யாருக்கும் வேண்டாம் என்று, இந்தப் பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம், ஆறிய பிறகு அந்தந்த டிரைவரையே அடியில் படுக்கச் சொல்லி, அவன் வால்வுதான் மாட்டவைத்து அனுப்புவான்.

“வால்வெல்லாம் கல்லு பட்டா ஒடைஞ்சிடும். ப்ளக்கே போடு,” என்றார் அத்தான்.

அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இத்தனை வருஷமாக மனசுக்குள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறான். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைத்ததில்லை. இப்போது வண்டியை ஓட்டுவது இவரே. நடுரோட்டில் சூடேறினால் அடியில் போகப்போவதும் இவரேதான். கேட்டதைக் கொடுப்பது எந்தப் பாவக்கணக்கிலும் வராது.

“சரி, ப்ளக்கே போடறேன். ஆனா வழியில சூடாச்சுன்னா நீங்கதான் படுத்துத் திறக்கணும் அத்தான்.”

“நானா? எனக்கு முட்டி எங்கடா மடங்குது? உங்க அக்காதான் போவா. அவளுக்குப் பழகிடுச்சு.”

சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மெக்கானிக் அக்காவைப் பார்த்தான். அவள் சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான். மணிக்கட்டில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல்.

“எப்பக்கா?”

“போன மாசம். கொஞ்சம்தான். நீ வேலையைப் பாரு.”

பார்த்தான். வண்டி நிழலில் நின்று, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து பழைய கூலண்டை இறக்கினான். குழாய்த் தண்ணீரை நிரப்பி, துரு கலங்குவதற்காக என்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டு உடனே அணைத்தான். அக்கா டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜின் அடங்கும் சத்தத்தில்தான் அத்தான் திரும்பி வந்தார்.

“ஓட்டிப் பார்த்தியா?”

“ஓட்டினேன்.” ரேடியேட்டரை மறுபடி காலி செய்துவிட்டு ஸ்பேனரை நீட்டினான். “பிளாக்ல இருக்கற தண்ணிதான் பாக்கி. ப்ளக்கைக் கழட்டுங்க.”

“என்ன வெளையாடறியா?”

“என் கை அங்க போகாது அத்தான். ஏன்னு உங்களுக்கே தெரியும்.”

“ஏய், நீ போ,” என்றார் அக்காவிடம். அவள் எழுந்தாள்.

“அக்கா, நீ உட்காரு. நீ கை வெச்சா இந்த வண்டியை நான் தொடமாட்டேன்.” ரேடியேட்டர் காலி, வண்டி ஓர் அடி நகராது. லோடோ காத்திருந்தது.

“படுங்கண்ணே, என்ன பிரசவமா பார்க்கப் போறீங்க?” என்றார் ஒரு டிரைவர். “முட்டி மடங்கலைன்னா நாங்க மடக்கி விடறோம்,” என்றார் மற்றவர்.

அத்தான் முனகிக்கொண்டே சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தார். ஸ்பேனர் ப்ளக்கில் பொருந்தியது. ஆனால் திரும்பவில்லை.

“மாப்ள, ஆறிடுச்சா?”

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. உள்ளங்கையை பிளாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வைக்கத்தான் அவருக்குத் துணிச்சல் இல்லை.

“டேய், இப்பத்தானே ஓட்டின? கொதிக்குதா, இல்லையா? சொல்லித் தொலையேன்டா!”

வெளியே நீண்டிருந்த கால்கள் இரண்டும் நடுங்கின. அந்த நடுக்கத்தை அவன் கண்கொட்டாமல் பார்த்தான். போதும் என்று தோன்றவில்லை. வாயைத் திறக்கப் போகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சொல்லாத. கொஞ்சம் கெடக்கட்டும்,” என்றாள் மெதுவாக.

“நான்தான்டா அன்னிக்குப் பொய் சொன்னேன்! வண்டி ஓடி வந்த வண்டிதான். நீ குடிக்கல. போதுமா? இப்பவாவது சொல்லு!”

டிரைவர்களின் சிரிப்பு நின்றது. ஒருவர் மெக்கானிக்கின் கன்னத்தைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் அவரே திருப்பினார். ப்ளக் விட்டது. அத்தான் அலறிய அலறலில் டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். பச்சைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான துருநீர் அவர் மார்பில் வழிந்து அடியில் வைத்திருந்த தட்டில் சேர்ந்தது. தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் அவர் அலறிக்கொண்டிருந்தார்.

ஊர்ந்து வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செங்கல் நிறத்தில் நனைந்த சட்டையோடு மேசையைக் காட்டினார்.

“வால்வே போட்டுடு மாப்ள.”

மெக்கானிக் இரண்டையும் அக்காவிடம் நீட்டினான். “நீ சொல்லுக்கா. எது?”

அவள் வால்வின் பிடியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு ப்ளக்கை எடுத்தாள்.

“இதையே போடு தம்பி. இனிமே நான் கீழ போறதா இல்ல.”

“அப்போ யாரு போறது?” என்றார் அத்தான்.

மெக்கானிக் கசியாமலிருக்க ப்ளக்கின் மரையில் டேப்பைச் சுற்றினான். அந்த விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தானே சாக்கின் மேல் படுத்து உள்ளே போனான். ப்ளக்கைக் கையால் ஏற்றி, ஸ்பேனர் போட்டு இறுக்கினான். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை இறுக்கினான்.