போர்டு வக்கீலம்மா

கல்வி வாரியத் தலைமை அலுவலகத்தில் சட்டப் பிரிவு என்று ஒன்று இருப்பது, வம்பு வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நினைவுக்கு வரும். மேல் மாடியில், பழைய விடைத்தாள்கள் அடைந்து கிடக்கும் அறைக்கு அடுத்த அறை அது. வாரியத்தின் மேல் யார் வழக்குப் போட்டாலும் எதிர்த்து வாதாடுவதற்கென்றே சம்பளத்துக்கு வைத்திருந்த வக்கீல் அங்கே இருந்தாள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஃபயர் சர்வீஸ்’. தீப்பிடித்தால்தான் கூப்பிடுவார்கள். அணைத்துவிட்டுத் திரும்பினால், தரையெல்லாம் ஈரமாக்கிவிட்டாள் என்று குறை சொல்வார்கள்.

அவள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு தானாக மாறிவிடும். யாருக்கும் அவள் மேல் விரோதம் கிடையாது. என்றைக்காவது ஒரு நாள் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதுல கையெழுத்து உங்களோடதுதானே?” என்று கேட்டுவிடுவாளோ என்கிற பயம்தான். பள்ளிக்கூடங்களுக்குப் போனால் அங்கே அவள் தலைமை அலுவலகத்து ஆள். நீதிமன்றத்துக்குப் போனால் வெளி வக்கீல்களுக்கு அவள் மாதச் சம்பளக்காரி. தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பதினெட்டுப் பட்டியிலும் இடமில்லாதவள் என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வாள். அதையும் மனசுக்குள்தான்.

குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடியில். கல்யாணம் கூடி வந்து கூடி வந்து கலைந்து, கடைசியில் அவளே போதும் என்று சொல்லிவிட்டாள். அண்ணி நல்ல மாதிரி. ஆனால் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அவளிடம் இருந்த கதையெல்லாம் வழக்குகள்; வெளியே சொல்லக் கூடாதவை.

“ஊரு சமாசாரமெல்லாம் பேப்பர்ல வந்துடுது. நம்ம வீட்டு வக்கீல் வாயிலருந்து மட்டும் ஒண்ணும் வராது” என்பாள் அண்ணி.

“வந்தா வேலை போயிடும் அண்ணி.”

“போனா போகட்டும். அப்பவாவது நாலு வார்த்தை பேசுவீங்க.”

இப்படி இருந்தவளுக்கு வந்து சேர்ந்தது ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வழக்கு.

அவருடைய மகள் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கால் விளங்காமல் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு வரை கீழ்த்தளத்தில் படித்தாள். ஒன்பதாம் வகுப்பு மாடியில். அந்தப் பள்ளியில் லிஃப்ட் கிடையாது. சாய்தளம் வைத்த வேறொரு பள்ளி ஊரின் மறு கோடியில் இருக்கிறது, அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாரியம் சொல்லிவிட்டது. “வகுப்ப கீழ இறக்குங்க. பொண்ண ஏன் ஸ்கூல் மாத்தறீங்க?” என்று கேட்டு அலுத்துப்போன மெக்கானிக் கடைசியில் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார். வக்கீல் வைக்கவில்லை. வக்கீல் பேச்சில் தன் பெண்ணின் விஷயம் கரைந்துபோய்விடும் என்பது அவர் எண்ணம். கொஞ்சம் தற்பெருமையும் உண்டு. கை பாதி, வாய் பாதி என்று பிழைக்கிறவன் நான், எனக்கு எதற்கு இன்னொரு வாய் என்பார்.

கோப்பைப் படித்த அன்றே அவள் செயலாளருக்குக் குறிப்பு அனுப்பினாள்: கீழே சாமான் போட்டு வைத்திருக்கும் பொருள் அறையைக் காலி செய்து வகுப்பை இறக்கிவிடலாம், வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். செயலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல நிர்வாகி, யோசிக்கத் தெரிந்தவர். ஆனால் விட்டுக்கொடுப்பது என்றால் அவருக்கு எட்டிக்காய்.

“இன்னைக்கு ஒரு ஸ்கூல்ல வகுப்ப இறக்கினா நாளைக்கு எல்லா ஸ்கூல்லயும் கேப்பாங்க. கேஸ நடத்துங்க” என்றார்.

நடத்தினாள். அது அவள் வேலை.

முதல் வாய்தா அன்று நீதிமன்றத்து நடைபாதையில், வரிசை வரிசையாகப் போட்டிருந்த பெஞ்சில் மெக்கானிக் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்த் தரப்பு, தள்ளி உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

“நீங்கதான் போர்டு வக்கீலம்மாவா?”

“ஆமா. பாருங்க, வழக்கப் பத்தி மட்டும் என்கிட்ட ஒண்ணும் பேசக் கூடாது. உங்களுக்கு எதிரா வந்திருக்கிறவ நான். நான் ஏதாவது சொன்னாலும் தப்பு, நீங்க கேட்டாலும் தப்பு.”

அவர் தலையாட்டினார். “அப்ப ஃப்ரிட்ஜப் பத்திப் பேசலாமா?”

சிரித்துவிட்டாள். அந்த நடைபாதையில் அவள் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

அதன் பிறகு வாய்தா வரும்போதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதைதான். எந்தக் கம்பெனிக் கதவு சீக்கிரம் தொங்கும், எந்த வீட்டில் பாலை வைத்துவிட்டு மறந்து போவார்கள், ரிப்பேர் என்று கூப்பிட்டு பிளக் மாட்டாமல் வைத்திருந்த பெரிய மனிதர் யார். “பாதிப் பேரு பசிச்சு ஃப்ரிட்ஜத் திறக்கறதில்லம்மா. சும்மா திறந்து பாக்கறாங்க. வெளிச்சம் வருதில்ல, அதுக்கு” என்பார். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். ஒரு தடவை, “உங்க வீட்டுல என்ன சைஸ்?” என்று கேட்டார். “சின்னது. ஒரு ஆளுக்குப் போதும்” என்றாள். மனிதர் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். அந்த நாசூக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

நீதிபதி விடுமுறை, வழக்குப் பட்டியல் நீளம் என்று வாய்தா தள்ளிப்போகும் நாள்களில் மற்றவர்கள் எரிந்து விழுவார்கள். அவள் மட்டும் உள்ளூர நிம்மதிப்பட்டாள். பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டாள். அங்கே ஒரு பெண் வகுப்புக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே இவளுக்குப் பேச்சுத்துணை.

இறுதி விசாரணைக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தீர்ப்பு அவள் கண்ணில் பட்டது. மேல் நீதிமன்றம் அண்மையில் சொன்னது. இன்னும் யாரும் அதிகம் எடுத்தாளாதது. இருக்கிற பள்ளியிலேயே எளிதாக ஏற்பாடு செய்ய முடியும்போது, பிள்ளையை வேறு பள்ளிக்குப் போகச் சொல்வது ஏற்பாடே ஆகாது என்று அடித்துச் சொல்லியிருந்தது. அவளுடைய வாதத்தின் அடிமடியிலேயே கை வைத்தது போல இருந்தது. மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர் பையில் இருந்ததெல்லாம் மாடிப்படியின் புகைப்படங்கள்.

செயலாளரிடம் போய் நின்றாள். “சார், இந்தத் தீர்ப்ப நாளைக்கு நானே கோர்ட்டுல காட்டணும்.”

அவர் படித்துப் பார்த்தார். “இது நமக்கு எதிரா இருக்கே.”

“ஆமா சார். அதனாலதான் காட்டணும். சட்டம் இப்படி இருக்குன்னு தெரிஞ்சும் நான் மறைக்கக் கூடாது. அவருக்கு வக்கீலும் இல்ல.”

“அவரு கேக்கல. ஜட்ஜ் கேக்கல. நீங்களா ஏன் போய் வாயக் குடுக்கறீங்க? சொல்லாம இருக்கறது பொய்யா?”

“எங்க தொழில்ல பொய்தான் சார்.”

“நீங்க யாரோட வக்கீல்?”

“உங்களோட வக்கீல்தான். இந்தத் தீர்ப்பு நம்ம வழக்குக்குப் பொருந்தாதுன்னு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாதாடுவேன். இப்பக்கூட வகுப்ப இறக்கிட்டா வாதாடவே வேண்டியதில்ல.”

செயலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டார். போகலாம் என்று அர்த்தம்.

மறுநாள் நீதிமன்றத்தில் அவள் எழுந்தாள். “மனுதாரருக்கு வழக்கறிஞர் இல்லாத நிலையில், எங்கள் தரப்புக்குப் பாதகமான ஒரு தீர்ப்பை நானே இந்த நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டிருக்கிறேன்” என்று நகலை நீட்டினாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அந்த நேரத்தில் மெக்கானிக் பைக்குள் தலையை விட்டுப் புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்த நகலையும் வாங்கி, மற்றக் காகிதங்களோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு அவள் வாதாடினாள். சொன்ன சொல் தவறாமல், முழு மூச்சோடு. அந்தத் தீர்ப்பில் வந்த பள்ளி பெரியது, இது சின்னது. பொருள் அறையைக் காலி செய்தால் ஆய்வுக்கூடச் சாமான்களுக்குப் போக்கிடம் இல்லை. எந்த வகுப்பு எந்த அறையில் என்பதைப் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் ஆணி அடித்த மாதிரி சொன்னாள். மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. ஃப்ரிட்ஜ் கதை கேட்டுச் சிரித்த அம்மாவா இது என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தம் முறை வந்தபோது அவர் புகைப்படங்களை நீட்டினார். “அய்யா, இந்த ரூம்ல உடைஞ்ச பெஞ்சு இருக்கு. பெஞ்சு கீழ இருக்கலாம், என் பொண்ணு கீழ இருக்கக் கூடாதாங்க?” என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஒன்பதாம் வகுப்பைக் கீழே இறக்க வேண்டும், இறக்கியதை நேரில் பார்த்து வாரியத்தின் வக்கீல் அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு. நீதிபதி படித்ததில் பெரும் பகுதி அந்த மேல் நீதிமன்றத் தீர்ப்புதான். உடைந்த பெஞ்சு ஒரே ஒரு வரியில் வந்தது. மெக்கானிக்கின் காதில் விழுந்தது அந்த வரி.

வெளியே வந்ததும் அவளைத் தேடி வந்தார். முகத்தில் வெற்றி தாண்டவமாடியது. அதற்கு அடியில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

“உங்க மேல கோவம் இல்லம்மா. உங்க வேலை அது. ஆனா நீங்களும் அப்படிப் பேசுவீங்கன்னு நான் நினைக்கல. வேர்த்து ஊத்திடுச்சு.”

அவள் கோப்பைப் பைக்குள் வைத்தாள்.

“பெஞ்சுக் கேள்வி எப்படி? ஜட்ஜ் அய்யா அப்படியே எழுதிட்டாரு பாத்தீங்களா? ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சது.”

நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையில் மடித்து வைத்திருக்கிற அந்தக் காகிதத்தை வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள் என்று. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு தடவை, பெரிய இடத்தை எதிர்த்து, சொந்த வாயால் ஜெயித்த முகம். அதில் போய்த் தன் பங்கைக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

“நல்லாக் கேட்டீங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல” என்றாள். அதுவும் உண்மைதான்.

அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். இனி அவர் இங்கே வர வேண்டிய வேலை இல்லை.

அலுவலகத்தில் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. நம்ம வக்கீலே நம்ம கழுத்தை அறுத்துவிட்டார் என்று பேச்சு. இனிப் பெரிய வழக்குகளை வெளி வக்கீல்களிடம் கொடுக்கலாம் என்று செயலாளர் முடிவெடுத்தார். கோப்புகள் அவள் மேசையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. சாப்பாட்டு அறையில் பேச்சு மாறுவதுகூட இல்லை இப்போது. அவள் உள்ளே வந்ததைக் கவனிக்காதது போலவே இருந்துவிட்டார்கள்.

அறிக்கைக்காக ஒரு காலை அந்தப் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியை முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பைக் காட்டிவிட்டு, ஃபோன் வந்ததென்று போய்விட்டார். பாடவேளை மாறும் நேரம். பொருள் அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு பெண், தோழியின் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாய் அப்படியே இருந்தது.

“நீங்க யாரு ஆன்ட்டி? போர்டுலருந்தா?”

“ஆமா. ரூம் பாக்க வந்தேன். சரியா இருக்கா?”

“எலி இருக்கு. மத்தபடி ஓகே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “போர்டு வக்கீலம்மாவ உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“எங்கப்பா சொன்னாரு, கோர்ட்டுல பயங்கரமாப் பேசுனாங்களாம். ஆனா வெளிய வந்தா நல்லா சிரிப்பாங்களாம். எப்படி இருப்பாங்க?”

“என்ன மாதிரிதான் இருப்பாங்க.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தது. “இல்ல ஆன்ட்டி. நீங்க சாதுவா இருக்கீங்க. அந்தம்மா பெரிய ஆளு. எங்கப்பாவுக்கே வேர்த்துடுச்சாம்!”

ஆசிரியர் உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நாற்காலிக்காரி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வக்கீல் வெளியே வந்து, தாழ்வாரத்துச் சுவரில் காகிதத்தை வைத்து, வகுப்பு கீழ்த்தளத்தில் நடக்கிறது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எலி பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் ஆளில்லை. சாதுவாம். நினைக்க நினைக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். அலுவலகத்தில் சொல்ல முடியாது. அண்ணியிடம் சொல்லப் போனால் முதலிலிருந்து வழக்கைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூடியவர் அந்தப் பெண்ணின் அப்பா ஒருவர்தான். எதிர்த் தரப்பான அவரிடம் சொல்லவே கூடாது.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தனியாகவே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.