அல்சூருக்கு வந்த படகு மோட்டார்

1959ஆம் வருடம் மாசி மாதம், பெங்களூர் அல்சூரில் ஆதிகேசவன் தன் பட்டறையில் ஒரு படகு மோட்டாரின் கயிற்றை இழுத்தார். மோட்டார் ஓடவில்லை. பெல்ட் அறுந்து தீபாவளியிலிருந்து மூலையில் கிடந்த எதிர்வீட்டு எல்லம்மாவின் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. ஓடுகிற மிஷினைச் சும்மா விடுவானேன் என்று எல்லம்மா ஒரு பாவாடையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்ல வந்தாள்.

மோட்டாரைக் கொண்டுவந்தவர் கடலூர்ப் பக்கத்து மீனவர் தனக்கோடி. யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட சாமான்களில் ஒன்று அது. கைமாறிக் கைமாறிக் கடற்கரைக்கு வந்ததை அவரும் மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து வாங்கிப் படகில் மாட்டினார்கள். ஒரு பருவம் நன்றாக ஓடியது, பிறகு நின்றது. ஊரில் கை தேர்ந்தவர்கள் எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். இதே மாதிரி மோட்டார்களைப் பர்மா ஆறுகளில் பட்டாளப் படகுகளில் ரிப்பேர் பார்த்த ஆள் பெங்களூரில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, தனக்கோடி அதைச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றிக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். ஊரில் கடற்கரையில் படகு வெயிலில் காய்ந்து பலகை விரிந்துகொண்டிருந்தது. மூன்று வீட்டு அடுப்பு இந்த மோட்டாரை நம்பியிருந்தது.

ஆதிகேசவன் முறைப்படிதான் பார்த்தார். தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் மோட்டாரை மாட்டினார். பெட்ரோல் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, மாட்டினார். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கயிற்றை இழுத்தபோது காற்று விரலைத் தள்ளியது, அதுவும் சரிதான். அந்த இழுப்பில், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வாரக்கணக்காகப் படுத்திருந்த பஸ் உள்ளே யாருமில்லாமல் உறுமிக் கிளம்பியது என்று அதன் டிரைவர் கோவிந்தப்பா வந்து சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, நன்றியாகத்தான் சொன்னார். மறுநாள் இழுத்தபோது, பின்தெருவில் பாதியில் நின்றுபோயிருந்த கல்யாணப் பேச்சு ஒன்று மறுபடி தொடங்கியது.

அதற்கடுத்த நாள் இழுத்தபோது ஆதிகேசவனின் மனைவி சரசு பேசினாள். அவள் ஊமை அல்ல. தெருவில் எல்லாரிடமும் பேசுவாள், கணவரிடம் மட்டும் பேசுவதில்லை. 1942இல் அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார். அவர் உயிரோடிருப்பதே மாதங்கள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. யுத்தம் முடிந்து திரும்பி வந்தவருக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதைப் பாத்திரங்களிடம் சொல்வாள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொம்பிடம் சொன்னால் அவர் போய் வாங்கி வருவார். நாடு சுதந்திரம் அடைந்தது, மாநிலங்கள் பிரிந்தன, அவருக்குத் தலை நரைத்தது, இது மட்டும் மாறவில்லை. அன்று கயிறு இன்னும் அவர் கையில் இருக்க, பட்டறை வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "சாப்பாடு ஆறிப்போவுது. வாங்க."

மறுநாள் அவர் கோளாறைக் கண்டுபிடித்தார். பட்டப்பகலில் கதவைச் சாத்தி, பட்டறையை இருட்டாக்கிக் கயிற்றை இழுத்தபோது, பிளக்குக்குப் போகும் வயரின் ரப்பரில் தலைமயிர் அளவு வெடிப்பு தெரிந்தது. அதில் நீலமாக ஒரு பொறி. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த வழியாகக் கசிந்து தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. வயரை மாற்றினால் தீர்ந்தது. புது வயர் எதிர்ச் சுவர் ஆணியில் தொங்கியது. கதவைத் திறந்து, இன்னும் பிடிபடவில்லை என்று தனக்கோடியிடம் சொன்னார்.

அதன் பிறகு அவர் கழுவிய கார்புரேட்டரையே கழுவிக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் நின்றுபோன கடிகாரங்களையும் கிராமபோன்களையும் கொண்டுவந்து பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், அடுத்த இழுப்பில் அவையும் ஓடின. கோவிந்தப்பா பாதி கன்னடத்தில், "ரிப்பேர் மாடபேடி மேஸ்திரி, இப்படியே உட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டார். பொழுது சாய்ந்ததும் ஆதிகேசவன் வீட்டுக்கு ஓடுவார். ரேஷன் வரிசையில் மயங்கி விழுந்தது, ஓட்டைக் கூரையைத் தானே ஏறி மாற்றியது, அப்பா செத்தபோது தனியாகப் போய் வந்தது எல்லாவற்றையும் சரசு சொன்னாள். அவர் கேட்டார். பகலெல்லாம் தனக்கோடி அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். ஏரி பெரிசுதான், ஆனால் வாயே திறக்காத தண்ணீராக இருக்கிறதே என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லுவார். அவருக்கும் சாப்பாடு சரசு வீட்டில்தான். ஒருநாள் சாப்பிடும்போது, "அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் போனா அண்ணன் கழுவிக் கழுவியே என் மோட்டார கரைச்சிடுவாரு" என்றார். சரசு சிரித்தாள். பிறகு கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தனக்கோடி கை கழுவிப் போனதும் கேட்டாள்.

"தெரிஞ்சி வெச்சிக்கினுதானே கீறீங்க?"

அவர் ஆமாம் என்றார். அது ஓடினால் மற்றதெல்லாம் நின்றுவிடும் போலத் தோன்றுகிறது என்றார்.

"நான் இன்னா தையல் மிஷினா?" என்றாள் சரசு. தட்டை எடுத்துக்கொண்டே, "அந்தாளு ஊட்ல ஒருத்தி வருவாரா மாட்டாரான்னு வாசலையே பாத்துக்கினு இருப்பா. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

காலையில் அவர் வயரை மாற்றினார். தெருவே வந்து நின்றது. கயிற்றைச் சுற்றிப் பிடித்தவர் இழுக்காமல் திரும்பி, "சரசு, இழுக்கப் போறேன்" என்றார். அவளிடம் சொல்லிவிட்டு அவர் செய்த முதல் காரியம் அதுதான் என்பார்கள். அவள், இழுங்க என்றாள். மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்தது. பீப்பாய்த் தண்ணீர் கொந்தளித்துச் சிதறி நின்றவர்களையெல்லாம் நனைத்தது. தனக்கோடி மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அணைக்கவே விடவில்லை. அதே நேரத்தில் எல்லம்மாவின் மிஷின் பாதித் தையலில் நின்றது. கடிகாரங்கள் நின்றன. கோவிந்தப்பாவின் பஸ் ஆட்களோடு நடுரோட்டில் நின்றது. சரசு கணவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. மூடிக்கொண்டு உலை வைக்க உள்ளே போனாள்.

தனக்கோடி அன்றைக்கே ரயிலேறினார், படகும் அந்த வாரமே கடலுக்குப் போனது. தெருவில் யாரும் ஆதிகேசவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. நின்ற சாமான்களைக் கொடுத்தார்கள், அவர் ஸ்பானரும் எண்ணெயும் வைத்து ஒவ்வொன்றாக ஓடவைத்தார். கல்யாணப் பேச்சைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சரசுவுக்கு என்ன கருவி என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் சவரத்துக்குப் போனாலும் சாமான் வாங்கப் போனாலும், எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று அவள் முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன நேரத்துக்கு வந்தார். அவள் சொம்பிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

1961 ஐப்பசியில் ஒருநாள் காலை, ஆனேக்கல்லில் ஒரு பம்ப்செட் நின்றுவிட்டது, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். சரசு அடுப்பிலிருந்து திரும்பாமல், "மழ வர்ற மாதிரி கீது. கடேசி பஸ்ஸ உட்டுடாதீங்க" என்றாள். சரி என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். பம்ப்செட்டில் மண் அடைத்திருந்தது. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.