செருப்பின் மேல் ஒரு கல்

மேலே கல்லை இழுத்து மூடும் சத்தம் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மணற்காற்று எழுந்தால் எங்கள் ஊரில் யார் அருகில் இருக்கிறாரோ அவர் ஓடிப்போய் நீர்ச்சுரங்கத்தின் வாய்களையெல்லாம் பலகைக் கல்லால் மூடிவிடுவார். மணல் விழுந்து சுரங்கம் தூர்ந்தால் பேரீச்சந்தோப்பும் இல்லை, நாங்களும் இல்லை. உள்ளே இறங்குகிறவன் செருப்பைக் கழற்றி வாயருகே விட்டு, அதன்மேல் ஒரு கல்லை வைக்கவேண்டும். செருப்பைக் கண்டால் மூட மாட்டார்கள். நான் செருப்பை மட்டும் விட்டேன். சரிந்த மண்ணை வாரும் ஐந்து நிமிட வேலைதானே என்ற திமிர். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

இதை முடித்துவிட்டு அப்படியே சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். நாளைவரை யாரும் தேட மாட்டார்கள்.

சுவரில் வெட்டிய கால்குழிகளில் ஏறித் தோளால் கல்லை முட்டினேன். அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். கீழ்ப்பக்கச் சுரங்கத்தில் பூனைகூட நுழைய முடியாது. இறங்கி நின்று அழுதேன். வெட்கமென்ன, யார் பார்த்தார்கள்?

அப்போதுதான் பக்கத்துத் தோப்பு பாஹூஸ் நினைவுக்கு வந்தார். தண்ணீரைப் பங்குபோடும் சீப்புக்கல் அருகே அவர் கிடையாய்க் கிடப்பார். தன் பங்கில் ஒரு விரல் குறைந்தாலும் ஊரை இரண்டாக்குவார். தண்ணீர் நின்றால் தேடி வருவார். களிமண்ணை வெட்டிப்போட்டு, காலடியில் ஓடிய ஓடையை அடைத்தேன்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. பிறகு இடுப்புக்கு. ஊறிய சுவர் கட்டிகட்டியாக விழுந்தது, விளக்கும் அணைந்தது. அடைப்பை உடைத்தால் யாரும் வரமாட்டார்கள். உடைக்காவிட்டால் சுவர் என்மேல் இறங்கும்.

மார்பு நனைந்தபோது தொலைவில் கல் நகரும் சத்தம். ஒவ்வொரு வாயாகத் திறந்துகொண்டு வருகிறார்கள். கடைசியில் என் தலைக்கு மேலும் வெளிச்சம் விழுந்தது.

"எவண்டா உள்ள?" பாஹூஸின் குரல்.

"நான்தாண்ணே, ஹம்மு."

"தண்ணி என்னடா ஆச்சு? செத்துப்போச்சா?"

"இல்லண்ணே. நான்தான் அடைச்சேன். வாய மூடிட்டாங்க."

அடைப்பை உதைத்து உடைத்துவிட்டு மேலே ஏறினேன். அந்தக் காற்றில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. பாஹூஸின் மகள் ஆட்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தாள். தலையில் ஒரு மூட்டை. பாஹூஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"சீப்புக்கல்லு காஞ்சு கெடந்துச்சுடா. எந்த ஊருக்குப் போறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

அன்று யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு நடுங்குகிறது.