செவ்வாய்க்கிழமை மிக்ஸி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உரக்கச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. சுவர் மெலிந்த ஒரு வீட்டில் நடந்தது, மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். இரண்டே அறை உள்ள அந்த வீட்டில் தாழ்ப்பாள் இருந்த கதவு அது ஒன்றுதான். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சோப்புப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தாள். பள்ளி வேன் ஓட்டியவள். ஏழு மாதத்துக்கு முன், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேன் மரத்தில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் போய்விட்டான். அவளுக்கு மணிக்கட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். அன்றிலிருந்து வண்டிச் சாவியை அவள் தொடவே இல்லை. போன் திரையில் வரும் மனநல ஆலோசகர், எங்கோ இருக்கிற ஒரு அம்மாள். ஆறு வாரமாக அவரிடம்தான் வாய்விட்டு அழுகிறாள்.

அவள் வாய் திறந்த மறுநிமிடம் சமையலறையில் மிக்ஸி அலறும். மாமியார்தான்.

"பாருங்க மேடம், ஆரம்பிச்சாச்சு. நான் பேசினாலே ஆகாது அவங்களுக்கு. மகனை முழுங்கினவளாச்சே."

"அப்படிச் சொன்னாங்களா?"

"சொன்னாத்தான் தேவலையே! அவங்களுக்குப் பதிலா மிக்ஸிதான் பேசுது."

ஆலோசகர் சிரிக்கவில்லை. "வாரா வாரம் அப்படி என்னதான் அரைக்கிறாங்க?"

அவள் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டில் அரைத்தது என்று எதுவுமே தட்டுக்கு வந்ததில்லை. போனை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

மாமியார் மிக்ஸி மூடியை இரண்டு கையாலும் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். ஜாருக்குள் ஒன்றுமே இல்லை. பிளேடு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இவள் சுவிட்சை அணைத்தாள்.

"வெறும் ஜாரை ஓட்டினா மோட்டார் போயிடும் அத்தை."

"போனா போகட்டும். நீ அழறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. வெறும் வாயை மெல்றதுங்களுக்கு நாமளா அவல் குடுக்கணும்?"

"அப்ப... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"முதல் வாரமே கேட்டுச்சு." மாமியார் ஜாரைக் கழற்றி, சுத்தமாக இருந்ததையே குழாயடியில் கழுவத் தொடங்கினார். "அவன் என்னமோ சொன்னான், நீ சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்த்தேன்னு. கண்ணு ரோட்டுல இல்லேன்னு."

வீட்டில் யாரிடமும் அவள் சொல்லாதது அது ஒன்றுதான். சாபம் வரட்டும் என்று தலைகுனிந்து நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன சொன்னான்?"

"அத்தை?"

"சிரிச்சியே. என்னடி சொன்னான் எம்புள்ள, கடைசியா?"

"உங்களைத்தான் கிண்டல் பண்ணார். அப்பத்தான் நீங்க அவருக்குப் போன்ல பேசி வச்சீங்க. 'எங்கம்மாவுக்கு எதுக்குப் போனு? ஜன்னலைத் திறந்து பேசினாலே எனக்குக் கேக்குமே'ன்னார்."

மாமியாரின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜாரை மார்போடு அணைத்தபடி வந்து குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்தார். சேலையெல்லாம் ஈரம்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார். "அவன் சொன்ன மாதிரியே."

சோப்புப் பெட்டியில் சாய்ந்திருந்த போனில் ஆலோசகரின் முகம் காத்திருந்தது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் அழுகிறவளுக்குத் தாழ்போட ஒரு கதவும், அந்தக் கதவுக்கு வெளியே ஒரு ஆளும் என்றைக்கும் இருக்கட்டும்.