உப்புப் பார்க்க ஓர் ஆள்

எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஆறு குழம்பையும் வீட்டு ஆள் ருசி பார்த்த பிறகுதான் முன்கதவு திறக்கும். முப்பது வருஷமாக அத்தா பார்த்தார். வயிற்றுப்புண் உடைந்து அவர் ரத்த வாந்தி எடுத்த நாளிலிருந்து நான் பார்க்கிறேன். அம்மா மவுத்தாகி நாலு வருஷம். நான் ஒரே பிள்ளை. ஒரு வாரம் என்று சொல்லி ஈப்போவுக்கு வந்தவள், எட்டு மாதமாகிவிட்டது. எங்கள் சிலிபின் வட்டாரத்தில் பாதிப் பேர் என் கையால் குழம்பு ஊற்றித் தின்றாகிவிட்டது.

கோலாலம்பூர் ஆய்வகத்தில் நான் ஆராய்ந்ததும் வயிற்றைத்தான். கொழுப்பைப் பாருங்கள் விதிக்கு. வயிற்றுச் செல்லுக்குள் அமிலம் இறைக்கும் பம்புகள் குட்டிப் பைகளில் சும்மா கிடக்கும். சாப்பாட்டு வாசம் வந்தால் போதும், மோட்டார் புரதங்கள் அந்தப் பைகளைச் சுமந்துகொண்டு இழை மேல் நடந்து செல்லின் ஓரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே போன பிறகுதான் பம்பு இறைக்கும். அத்தாவின் மாத்திரை இறைக்கிற பம்பைத்தான் பூட்டும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே விழுங்கிவிட வேண்டும். தின்றுவிட்டுப் போட்டால் பாதி வீண்.

நேற்று என் பேராசிரியர் செய்தி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் என் இடம் வேறொருவருக்கு. அத்தாவிடம் காட்டினேன்.

"போலாம்மா. மொதல்ல எனக்கு நல்லாவட்டும் லா," என்றார்.

இன்று காலை ஆட்டுக்குழம்பில் உப்புப் பார்த்தபடி திரும்பினேன். அத்தா ரொட்டியைத் தின்று, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயைக் குடித்து முடித்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். அரை மணி நேரத்துக்கு முன்பு நான் கையில் கொடுத்த மாத்திரை.

"எத்தன நாளா இப்படி, அத்தா?"

அவர் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"ஆறு மாசம் இருக்கும். நல்லாயிட்டா நீ போயிருவல்ல, அஸ்ஃபியா."

கோபம் வந்தது. அதைவிட வெட்கம். நுண்ணோக்கிக்குள் பம்பைத் தேடியவளுக்குப் பெற்றவரின் சட்டைப் பை தெரியவில்லை. அழுகையும் வந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

வெளியே கதவு தடதடத்தது. ஆயர் தாவாரிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிக்காரர் பத்துமலை.

"ரஹீம் அண்ணே, தெறங்க லா! பசிக்குது!"

அத்தா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீன் குழம்பு மட்டும் பாக்கி. ஒரு கரண்டி மொண்டு என் முன்னால் நீட்டினார். புளியும் வெந்தயமும் ஆவியாக முகத்தில் அடித்தன.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் எச்சில் ஊறிவிட்டது.