விரட்டி எண்ணெய்

கொசு விரட்டி எண்ணெயைப் புட்டியில் அடைக்கிற வேலை அவருக்கு. அந்த வாடை சோப்புக்கும் மசியாது, வெந்நீருக்கும் மசியாது. தோலுக்குள் குடித்தனம் வைத்துவிட்ட வாடை. மாடிப்படி ஏறினாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் தொடங்கிவிடுவார்கள்: "கொசுவத்தி வந்தாச்சு, இனி நிம்மதியாத் தூங்கலாம்!" முன்பெல்லாம் அவர் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள்.

வயிற்றில் கட்டி வந்து படுத்த பிறகு அவளுக்கு அந்த வாடை ஆகவே இல்லை. அவர் கிட்டே போனால் போதும், குடித்த இரண்டு வாய்த் தண்ணீரும் வெளியே வந்துவிடும். அவருக்கு நிலைப்படியோடு சரி. கட்டிலருகே மச்சினிதான் இருந்தாள்.

"நிலைப்படியத் தாண்டாதீங்க மாமா. தாண்டினா துடைக்கிறது நான்தான்" என்று பக்கெட்டைக் காட்டுவாள்.

எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே மனைவிதான், கல்யாணத்துக்கு அப்புறம். ஒருநாள் நிலைப்படியில் உட்கார்ந்து, புட்டியில் ஒட்டுகிற காகிதத்தை விரித்தார்.

"ரி... ப்... பெல். ரிப்பெல்லுன்னா என்ன?"

"விரட்டியடிக்கிறது" என்றாள், கண்ணைத் திறக்காமல். "வர்ற படைய அடிச்சுத் திருப்பி அனுப்பினாலும் அதான். மழைக்கோட்டு தண்ணிய ஒட்ட விடாது பாருங்க, அதுவும் அதான். ஒருத்தரக் கண்டாலே முகம் சுளிச்சு ஒதுங்குறோமே, அதுக்கும் அந்த வார்த்தைதான்."

"கொல்லுறது இல்லையா?"

"இல்லைங்க. உசுரோடதான் இருக்கும். கிட்ட வர முடியாது, அவ்வளவுதான்."

"அப்ப நான்தான் கொசு."

"நீங்க எண்ணெய்ங்க. கொசு நானு. பக்கத்துல வர ஆசைப்பட்டுச் சுத்திக்கிட்டே கெடக்கேன்."

சிரிக்கப் போய் இருமினாள். அவர் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அவள் போவதற்குள் ஒரு தடவை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். வேறு ஆசை இல்லை. சுமை ஏற்றும் பக்கம் மாற்றிவிடச் சொல்லி மேஸ்திரியிடம் கெஞ்சினார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே காலம் போனது. வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. எலுமிச்சையைத் தேய்த்தார், சாம்பலைத் தேய்த்தார். தோல் உரிந்தது, வாடை உரியவில்லை.

ஒரு சாயங்காலம் மச்சினி படிக்கட்டிலேயே நின்றிருந்தாள்.

"அக்கா உங்கள உள்ள வரச் சொல்லுது மாமா."

"குளிச்சிட்டு வந்துடறேன்."

"வேணாமாம். அப்படியே வரணுமாம்."

சொல்லும்போது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தார். மனைவி அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"குமட்டலையா?"

"ஒண்ணுமே தெரியலைங்க. காலையிலேர்ந்து எந்த வாசனையும் தெரியல. நல்லதாப் போச்சுல்ல?"

"ஆமாம்மா. நல்லதாப் போச்சு."

வாசனை நின்றுவிட்டால் நாளை எண்ண வேண்டியதுதான் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு கொஞ்சம் சுருங்காதா, 'தள்ளிப் போங்க' என்று ஒரு வார்த்தை வராதா என்று.

மச்சினி பக்கெட்டைக் கழுவி, மூலையில் கவிழ்த்து வைத்தாள்.