மேரி ஆண்டியின் மடி

காரை விட்டு ட்ரேசி ஒரு காலைக் கீழே வைத்ததுமே ஆம்புரோஸ் சுற்றி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காதம்மா. இங்கயே இரு. நான் பாத்துட்டு வாரேன்."

"எங்க அம்மாப்பா," என்றாள் ட்ரேசி.

"எனக்கும் பொண்டாட்டிதான்லா." அவர் மகளின் நிறைமாத வயிற்றைப் பார்த்தார். பிறகு ஈப்போவை அடுத்த செமோரின் அந்த வரிசை வீட்டைப் பார்த்தார். "ஒங்க அத்த போன்லயே சொல்லிடுச்சு. மாசமா இருக்கிறவ பொணத்தப் பாக்கக்கூடாது. இங்கயும் வேணாம், சர்ச்சுலயும் வேணாம்."

ட்ரேசிக்கு அழுகை வரவில்லை. செய்தி வந்தபோது அவள் ரொட்டிக்கு மார்ஜரின் தடவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த ரொட்டிக்கும் ஓரம்வரை தடவி முடித்தாள். அதை ஏன் செய்தோம் என்று நினைக்க இப்போது பயமாக இருந்தது.

அம்மா இருதயமேரி, பிள்ளை பெற்ற வீடுகளில் போய்த் தங்கி வேலை பார்க்கிறவள். தாய்க்குப் பத்தியச் சோறு, வயிற்றுக்கு இறுக்கக் கட்டு, பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். ஈப்போவைச் சுற்றி யார் வீட்டில் தொட்டில் கட்டினாலும் முதலில் மேரியைத்தான் தேடுவார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, ட்ரேசி அப்படித் தானே வளர்ந்தவள். சமயம் கிடைத்தால் அதை அம்மாவிடம் சொல்லியும் காட்டுவாள்.

இந்த வீட்டு வேலை முடிந்ததும் அடுத்து மகள் வீடு என்று பேச்சு. நேற்றுகூட, "ஞாயித்துக்கெழம வந்துடுவேன், அதுக்குள்ள அவசரப்பட்டுப் பெத்துறாத," என்று போனில் சிரித்தாள். சிரித்த வாயோடு, "தினேசு, வெறுங்கால்ல நிக்காத, காத்து ஏறிடும்," என்று இந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கும் தினேஸ்வரியை அதட்டப் போய்விட்டாள். ட்ரேசிக்குச் சுருக்கென்றது. சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரன் சுகுமாரன் கார் அருகே வந்தான். சட்டையில் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"ஆம்புலன்ஸ்காரங்க பாத்துட்டு, முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க அங்கிள். போலீஸ் வரட்டும், அதுக்கப்புறந்தான் எடுக்கலாம்னாங்க."

"எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் ட்ரேசி.

"பாப்பாவக் குளிப்பாட்டுனாங்க அக்கா. சாம்பிராணி காட்டிட்டு, மடியில போட்டுக்கிட்டு நாக்காலியில ஒக்காந்தாங்க. நான் பாக்குறப்ப ரெண்டு பேரும் தூங்குறாங்க. அசதியா இருக்கும்னு நெனச்சேன். ஃபேன மெதுவா வச்சிட்டு, சத்தம் காட்டாம கடைக்குப் போயிட்டேன்." அவன் கையிலிருந்த கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "திரும்பி வந்தா பாப்பா கத்திக்கிட்டு இருக்கு. ஆண்டி பக்கத்துல இருந்தா அது கத்தவே கத்தாது. அப்பத்தான் தொட்டுப் பாத்தேன். கை அப்படியே புடிச்சிருந்துச்சுக்கா. பாப்பா நழுவல."

ட்ரேசி அப்பாவின் கையை விலக்கி இறங்கினாள். கேட் வரைக்கும் போய்விட்டாள். அங்கே சுகுமாரனின் தாய் மங்களம் குறுக்கே வந்து நின்றாள். அவள் கண்களும் சிவந்துதான் இருந்தன.

"வேணாம்மா, சொன்னாக் கேளு. ஒங்கம்மா உசுரோட இருந்தா அவங்களே ஒன்ன விடமாட்டாங்க."

அது உண்மை. போன மாதம் பக்கத்து வீட்டுச் சாவுக்கு மேரிதான் மகள் அறையின் ஜன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டவள். அம்மா போட்ட சட்டத்தை அம்மாவுக்கே எதிராக எப்படி உடைப்பது என்று ட்ரேசிக்குத் தெரியவில்லை. இப்போது பார்க்காவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் அந்த முகம் கிடையாது. அது தெரிந்தும் கால் நகரவில்லை.

"அத்த, அவங்கள உள்ள விடுங்க."

வாசலில் தினேஸ்வரி நின்றாள். தலையில் துண்டு, காதில் பஞ்சு, வயிற்றில் கட்டு, தோளில் பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்கான பந்தாங், அந்தப் பத்திய நாள்கள், முடியும்வரை படி தாண்டக்கூடாது என்று மேரி போட்டிருந்த கட்டளையைத் தாண்டி, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் வந்து நின்றாள்.

"நீ ஏன் வெளிய வந்த? பச்ச ஒடம்பு," என்றாள் மங்களம். "நெறமாசக்காரி பொணத்தப் பாத்தா வயித்துப் பிள்ளைக்கு ஆவாது. ஒனக்குத் தெரியாதா?"

"எம்பிள்ள அவங்க மடியிலதான் கெடந்துச்சு," என்றாள் தினேஸ்வரி. குரல் உயரவில்லை. "உசுரு போனதுக்கு அப்புறமும் அங்கதான் கெடந்துச்சு. அதுக்கு ஒண்ணும் ஆவலயே அத்த."

மங்களம் மருமகள் தோளில் முகம் புதைத்துத் தூங்கும் பேரனைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விலகி நின்றாள். ஆம்புரோஸ் மகளுக்குத் தன் கையைக் கொடுத்தார்.

ஹாலில் மெத்தை போட்டு மேரியைக் கிடத்தியிருந்தார்கள். மேலே ஃபேன் இன்னும் மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததற்கு அம்மா ஏசுவாள் என்று எதிர்பார்த்தவள்போல ட்ரேசி அந்த முகத்தையே பார்த்தாள். அம்மா ஏசவில்லை. சட்டையின் தோளில் பிள்ளை பால் கக்கிய வெள்ளைக் கறை இருந்தது. வயிற்றுக்குள் தன் பிள்ளை ஒருமுறை புரண்டு படுத்ததை ட்ரேசி உணர்ந்தாள்.

பக்கத்தில் தினேஸ்வரி வந்து நின்றாள்.

"கால்ல ஏதாச்சும் போட்டுக்குங்க," என்றாள் ட்ரேசி. "காத்து ஏறிடும்."

தினேஸ்வரி உடைந்து அழுதாள். ட்ரேசிக்கு அப்போதும் வரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அம்மாவின் காலருகே தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அம்மா பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, காலின்மேல்தான் பிள்ளையைப் போட்டுக்கொள்வாள். கட்டியிருக்கும் கைலி முழங்கால்வரை நனைந்துவிடும். அதை மாற்றக்கூட இன்றைக்கு அவளுக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

வெளியே போலீஸ் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. பின்னாலேயே உள்ளே வந்திருந்த சுகுமாரன் வெளியே போனான். கைலியின் ஓரம் காலோடு ஒட்டியிருந்தது. ட்ரேசி அதை மெல்லப் பிரித்தெடுத்து, ஈரம் அம்மாவின் காலில் படாதபடி மடித்துவிட்டாள்.